கிட்டார் மலிவுதான், குற்றம் அதனுடையதா?

ஒவ்வோர் ஆண்டும் நம் மொழிக் கழகத்தின் கலை இரவு ஒத்திகை தொடங்கும்போது ஒரு பேச்சும் உடன் தொடங்கிவிடும். “நாமே பாடல் எழுதி, நாமே இசையமைத்து, ஒலிப்பதிவு செய்தால் என்ன?” என்று ஒருவர் கேட்பார். உடனே இன்னொருவர், “நம்மிடம் நல்ல கருவி எங்கே இருக்கிறது? ஐந்நூறு ரிங்கிட் கிட்டாரில் பதிவு செய்தால் தகர டப்பா சத்தம்தான் வரும்” என்பார். பேச்சு அத்துடன் நின்றுபோகும். பழையபடி சினிமாப் பாடலின் மைனஸ் ஒன் இசையைத் தேடிப் பதிவிறக்கி, அதன்மேல் பாடிவிட்டுக் கைதட்டல் வாங்கிக்கொண்டு விடுதிக்குத் திரும்புவோம்.

அந்த ‘இன்னொருவர்’ பலமுறை நானாகவே இருந்திருக்கிறேன். ஆகவே, இதை என் ஒப்புதல் வாக்குமூலமாக வாசகர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்பது நம் பாட்டிமார் அடிக்கடி சொல்லும் பழமொழி. என் வாழ்க்கையில் அந்தக் கூடத்தின் இடத்தில் இருந்தது 480 ரிங்கிட்டுக்கு வாங்கிய ஓர் எலெக்ட்ரிக் கிட்டார். மலிவுக் கிட்டார் பதிவில் மோசமாகக் கேட்பதற்குப் பெரும்பாலும் அதன் விலை காரணமன்று. அதை ஒழுங்காகச் சரிசெய்து வைக்காததும், கணினிக்குள் அனுப்பும் முறை தெரியாததும், நம் கை பழகாததுமே காரணம் என்பது என் தாழ்மையான கருத்து.

நான் வாங்கிய கிட்டார்

கெடா மாநிலத்தின் கூலிம் வட்டாரத்தில் ஒரு சிறிய தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் பயின்றேன். அங்கு எனக்குத் தெரிந்த ஒரே இசைக்கருவி, தேவாரப் போட்டிக்காக ஆசிரியை வாசித்த ஆர்மோனியப் பெட்டி. தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற பிறகுதான் கிட்டாரைத் தொட்டேன். படிவம் நான்கில் என்னருகே அமர்ந்த மலாய் நண்பன், 1989-ஆம் ஆண்டு வெளிவந்த ‘சர்ச்’ குழுவின் ‘இசபெல்லா’ பாடலை வாசித்துக் காட்டினான். எங்கள் இருவரின் அப்பாக்களும் இளமையில் கேட்ட பாடல் அது. என் விரல்களைப் பிடித்துக் கம்பிகளின்மேல் வைத்து முதல் கார்டைக் கற்றுக் கொடுத்தவனும் அவன்தான்.

எஸ்.பி.எம். தேர்வு முடிந்ததும் ஒரு பேரங்காடியில் மூன்று மாதம் வேலை செய்தேன். அந்தச் சம்பளத்தில் வாங்கியதுதான் இந்தக் கிட்டார். பெட்டியைப் பிரித்த நாளிலிருந்து அதன் கம்பிகளை ஒரு முறைகூட மாற்றியதில்லை. நம் நாட்டின் ஈரப்பதத்தில் அவை துருப்பிடித்துக் கருத்துப் போயின. அதையும் கிட்டாரின் தரக்குறைவு என்றே நினைத்துக்கொண்டேன்.

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு பயின்றபோது, நம் கழகத் தோழி ஒருத்தி தன் பாட்டி வாழ்ந்த தோட்டத்து வீடுகள் இடிக்கப்பட்டதைப் பற்றி ஒரு பாடல் எழுதினாள். மெட்டும் அவளுடையதே. அப்பாடலுக்கு மைனஸ் ஒன் எங்கே தேடினாலும் கிடைக்காது. நாங்களே இசையமைத்தால்தான் உண்டு.

நான் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு போனேன். ஒரு மாற்றுச் செருகியைப் பொருத்திக் கிட்டார் ஒயரை மடிக்கணினியின் ஒலிவாங்கித் துளையில் நேரடியாகச் செருகினேன். மென்பொருளில் ‘டிஸ்டார்ஷன்’ பொத்தானை முழுவதுமாகத் திருப்பி வைத்தேன். பதிவு செய்ததைக் கேட்டபோது போத்தலுக்குள் அடைபட்ட வண்டு கத்துவதுபோல் இருந்தது. தோழி சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “பரவாயில்லண்ணா, இந்த வருசம் மைனஸ் ஒன்னுக்கே பாடிடுறேன்” என்றாள். “கிட்டார்தான் சரியில்ல” என்று நானும் சொல்லிவிட்டேன்.

விடுமுறைக்கு வீடு திரும்பியதும் நாலாயிரம் ரிங்கிட் கிட்டார் ஒன்றைப் பற்றி அம்மாவிடம் பேசினேன். அம்மா ஒரு பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வேலை செய்கிறார். மறுநாள் காலையில் தம் சங்கிலியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, “இத வச்சா எவ்வளவு வெள்ளி கெடைக்கும்னு கேட்டுட்டு வாய்யா” என்றார். நான் தலைகுனிந்து நின்றேன். அக்காதான் குறுக்கிட்டார். “தம்பி, இருக்கிற கிட்டார யாராச்சும் தெரிஞ்சவங்ககிட்ட காட்டுனியா? டாக்டரப் பார்க்காமலே ஆப்பரேசனா?” என்றார். சங்கிலி மீண்டும் அலமாரிக்குப் போனது.

தொண்ணூறு ரிங்கிட் வைத்தியம்

பட்டர்வொர்த்தில் கிட்டார் பழுதுபார்க்கும் ஒரு சீன முதியவரிடம் சென்றேன். “தம்பி, மாரி” என்று அழைத்தார். என் கிட்டாரை வாங்கி, கடையிலிருந்த சிறிய ஆம்ப்பில் செருகி, ஒரு பழைய சீனப் பாடலின் மெட்டை மெதுவாக வாசித்தார். துருப்பிடித்த அதே கம்பிகள், அதே கிட்டார். ஆனால், நான் ஒரு நாளும் கேட்டிராத இனிமையான ஒலி வந்தது. அன்று எனக்கு ஏற்பட்ட வெட்கத்தை எழுத்தில் வடிப்பது கடினம்.

பிறகு அவர் செய்தவை அனைத்தும் நாமும் கற்றுக்கொள்ளக்கூடியவையே. முதலில் கம்பிகளை மாற்றினார். கிட்டாரின் கழுத்துக்குள் ஓடும் இரும்புத் தண்டைச் சற்றே முறுக்கி, கழுத்தின் வளைவைச் சரிசெய்தார். அடுத்து, ஒவ்வொரு கம்பியையும் பன்னிரண்டாம் ப்ரெட்டில் அழுத்தி ஒலிக்கச் செய்து, அதே இடத்தில் விரலை இலேசாக வைத்து எழுப்பும் ஹார்மோனிக் ஒலியுடன் ஒப்பிட்டார். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்திய சுரம் கூடுதலாக இருந்தால், பிரிட்ஜில் அக்கம்பி அமர்ந்திருக்கும் சிறு துண்டைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். குறைவாக இருந்தால் முன்னுக்கு. இது சரியாக இல்லையென்றால் எத்தனை முறை சுருதி சேர்த்தாலும், கழுத்தின் மேற்பகுதியில் வாசிக்கும் கார்டு அபசுரமாகவே கேட்கும். அதை நான் ‘மலிவுக் கிட்டாரின் சத்தம்’ என்று இத்தனை நாள் நம்பியிருந்தேன்!

அடுத்தது பிக்கப். கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தச் சுருள் அது. என் கிட்டாரில் அது கம்பிகளை ஏறக்குறைய முட்டிக்கொண்டு நின்றது. அவ்வளவு அருகில் இருந்தால் காந்தம் கம்பியைத் தன் பக்கம் இழுத்து, சுரத்தை அலையவிடும். கடைசி ப்ரெட்டில் கம்பியை அழுத்திப் பிடித்து, பிக்கப்புக்கும் கம்பிக்கும் இடையே ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் இருக்குமாறு திருகாணியால் இறக்கினார். ஒலி சற்றுக் குறைந்தது. ஆனால், தெளிவு கூடியது. இறுதியாக, கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் தங்கும் நட்டின் பள்ளங்களில் பென்சில் முனையைத் தேய்த்தார். அதன்பின் கம்பி அங்கே சிக்காமல் நழுவியது, சுருதியும் நிலைத்தது.

கம்பிகளோடு சேர்த்து மொத்தச் செலவு தொண்ணூறு ரிங்கிட்.

கணினிக்குள் போகும் வழி

கிட்டார் சரியானது, பதிவும் சரியாகிவிடும் என்று நினைத்தேன். மடிக்கணினியில் செருகியபோது வண்டு இன்னும் போத்தலுக்குள்ளேயே இருந்தது. அப்போதுதான் குற்றவாளிகளின் பட்டியலில் அடுத்த பெயர் என்னுடையது என்று விளங்கியது.

எலெக்ட்ரிக் கிட்டாரின் பிக்கப் தரும் மின்சைகை மிகவும் மெலிந்தது. ஏறக்குறைய ஒரு மெகா ஓம் மின்மறுப்புள்ள நுழைவாயிலை அது எதிர்பார்க்கிறது. மடிக்கணினியின் ஒலிவாங்கித் துளை அதற்காகச் செய்யப்பட்டதன்று. அதில் செருகினால் மேல்சுரங்களின் பளபளப்பு முதலிலேயே போய்விடும். ‘ஆடியோ இன்டர்ஃபேஸ்’ எனப்படும் சிறு பெட்டியில் கிட்டாருக்கென்றே தனி நுழைவாயில் உண்டு. நண்பனிடம் ஒன்றை இரவல் வாங்கினேன். அந்த ஒரே மாற்றத்தில் பாதிக் குறை தீர்ந்தது.

மீதிப் பாதிக்குக் காரணம் ஒலிபெருக்கி. நாம் பாடல்களில் கேட்டுப் பழகிய கிட்டார் ஒலி, கிட்டாரிலிருந்து நேரடியாக வருவதன்று. ஆம்ப்பின் ஒலிபெருக்கி வழியாக வருவது. கிட்டார் ஆம்ப்பின் ஒலிபெருக்கி ஏறக்குறைய 5000 ஹெர்ட்சுக்கு மேற்பட்ட ஒலிகளை வெகுவாகக் குறைத்துவிடும். அந்த வடிகட்டல் இல்லாமல் டிஸ்டார்ஷனை மட்டும் சேர்த்தால் வண்டுதான் கத்தும். ஆம்ப் இல்லாதவர்கள் அவ்வொலிபெருக்கியின் தன்மையைப் போலச்செய்யும் மென்பொருளைக் கட்டாயம் பயன்படுத்த வேண்டும். இன்று ‘நியூரல் ஆம்ப் மாடலர்’ போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன. பதிவு செய்ய ‘ஆடாசிட்டி’யும் இலவசம்தான்.

சிறிய ஆம்ப் வைத்திருப்பவர்கள் ஒலிவாங்கியை அதன் முன்னால் வைத்துப் பதிவு செய்யலாம். 1965-ஆம் ஆண்டு அறிமுகமான ‘ஷூர் எஸ்.எம்.57’ என்ற ஒலிவாங்கி இன்றுவரை உலகின் பெரிய ஒலிப்பதிவுக் கூடங்களிலும் இவ்வேலைக்குப் பயன்படுகிறது. அது ஆடம்பரப் பொருளன்று. ஒலிபெருக்கியின் நடுவில் நோக்கி வைத்தால் கூர்மையான ஒலி. விளிம்பை நோக்கி நகர்த்தினால் மென்மையான ஒலி. இரண்டு விரல் அகலம் நகர்த்தினாலே வேறுபாடு தெரியும். இதற்கு ஒரு காசும் செலவில்லை.

அனுபவத்தில் கண்ட இன்னும் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். டிஸ்டார்ஷனை நம் மனம் விரும்பும் அளவில் பாதியாகக் குறைக்க வேண்டும். தனியாகக் கேட்கும்போது மெலிந்ததாகத் தோன்றினாலும், பாடலோடு சேரும்போது அதுவே தெளிவாக நிற்கும். தடிமன் வேண்டுமென்றால் ஒரே பகுதியை இரண்டு முறை வாசித்து, ஒன்றை இடக்காதிலும் மற்றொன்றை வலக்காதிலும் வைக்கலாம். முதல் பதிவை நகலெடுத்து வைத்தால் அந்த அகலம் கிடைக்காது. ஒற்றைச் சுருள் பிக்கப் இருந்தால், நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் கூடவே வரும். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டு, உடலை மெல்லத் திருப்பிப் பார்த்தால், இரைச்சல் மிகக் குறையும் ஒரு திசை அகப்படும். பதிவின்போது ஒலியளவு சிவப்பைத் தொடாமல், உச்சம் மைனஸ் 12 டெசிபல் அளவில் நின்றால் போதும். ஒவ்வொரு பதிவுக்கு முன்பும் சுருதி சேர்க்க வேண்டும்.

அடுப்புப் பலகையும் சவர பிளேடும்

இதெல்லாம் ஏழைகளின் சமாதானம் என்று சிலர் நினைக்கலாம். அவர்களுக்கு வரலாறு பதில் சொல்லும்.

‘குயின்’ இசைக்குழுவின் பிரையன் மே, விலை உயர்ந்த கிட்டார் வாங்க வசதியில்லாததால் 1963-ஆம் ஆண்டு தம் தந்தையுடன் சேர்ந்து வீட்டிலேயே ஒன்றைச் செய்யத் தொடங்கினார். கழுத்துக்குப் பழைய கணப்பு அடுப்பின் மேற்பலகை. அதிர்வுக் கைப்பிடியின் பொறிக்கு மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங். குயின் குழுவின் பெரும்பாலான பதிவுகளில் ஒலிப்பது அந்தக் கிட்டார்தான். அதே குழுவின் ஜான் டீக்கன், குப்பைத் தொட்டியில் கண்டெடுத்த மின்சுற்றுப் பலகையைக் கொண்டு ஒரு சிறு ஆம்ப் செய்தார். அதுவும் அவர்களின் இசைத்தட்டுகளில் இடம்பெற்றது.

1964-ஆம் ஆண்டு ‘தி கிங்க்ஸ்’ குழுவின் டேவ் டேவிஸ், ஒரு மலிவான சிறு ஆம்ப்பின் ஒலிபெருக்கித் தாளைச் சவர பிளேடால் கீறிவிட்டு வாசித்தார். கரகரவென்ற அந்த ஒலியோடு வெளிவந்த ‘யூ ரியலி காட் மீ’ பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. எடி வான் ஹேலன், தரத்தில் தள்ளுபடியான உடற்பலகையை 50 டாலருக்கும் கழுத்தை 80 டாலருக்கும் வாங்கிப் பூட்டிய கிட்டாரை 1978-இல் வெளிவந்த தம் முதல் இசைத்தொகுப்பில் வாசித்தார். அதன் ஒலியைப் பின்பற்ற முயன்றவர்கள் எண்ணிலடங்கார்.

நம் பக்கமும் ஒரு சான்று உண்டு. மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் (1969–2014) கர்நாடக இசைக்குச் சற்றும் பொருந்தாது என்று கருதப்பட்ட மின் மாண்டலினை எடுத்துக்கொண்டார். இரட்டை இரட்டையாக இருந்த எட்டுக் கம்பிகளுக்குப் பதிலாக ஐந்து ஒற்றைக் கம்பிகளை வைத்து, அதில் கமகங்களை இழைத்தார். கருவியின் குறையைச் சொல்லி ஒதுங்கியிருந்தால், அந்த நாதத்தை நாம் கேட்டிருக்கவே முடியாது.

மறுதரப்பு வாதம்

விலை உயர்ந்த கிட்டாருக்கும் மலிவுக் கிட்டாருக்கும் வேறுபாடே இல்லை என்று நான் வாதிட வரவில்லை. சில மலிவுக் கிட்டார்களில் ப்ரெட்டின் ஓரங்கள் விரலைக் கிழிக்கும். சுருதித் திருகுகள் நிற்காது. உள்ளிருக்கும் பொத்தான்கள் ஓராண்டிலேயே கரகரக்கும். கழுத்தே முறுக்கிக்கொண்ட கிட்டாரை எந்த வைத்தியரும் காப்பாற்ற முடியாது. வாங்கும்போதே, தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் சென்று இவற்றைச் சோதிக்க வேண்டும்.

ஆயினும், நம் அப்பாக்களின் காலத்து மலிவுக் கிட்டாரும் இன்றைய மலிவுக் கிட்டாரும் ஒன்றல்ல. இன்று கணினி இயக்கும் இயந்திரங்கள் மரத்தை வெட்டுகின்றன. அண்டை நாடான இந்தோனேசியாவின் சுரபாயாவில் உள்ள தொழிற்சாலையிலிருந்து உலகப் புகழ்பெற்ற பல பெயர்களில் கிட்டார்கள் வெளிவருகின்றன. ‘யமஹா பசிபிக்கா’, ‘ஸ்குவையர்’ போன்ற மாணவர் கிட்டார்களைத் தொழில்முறைக் கலைஞர்களும் வாசிக்கிறார்கள். நாலாயிரம் ரிங்கிட் கிட்டார் கையில் வசதியாக இருக்கும், பல ஆண்டுகள் உழைக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால், பழைய கம்பியோடும் தவறான துளையோடும் பதிவு செய்தால், அதுவும் என் கையில் வண்டாகவே கத்தியிருக்கும் என்பது திண்ணம்.

நாம் செய்யக்கூடியது

தோழர்களே, கிட்டார் ஓர் எடுத்துக்காட்டுதான். “கருவி இல்லை” என்பதை நாம் ஒரு போர்வையாகப் போர்த்திக்கொண்டிருக்கிறோம். அதற்கடியில் இருப்பது, சினிமாப் பாடலைப்போல் ஒலிக்காவிட்டால் பிறர் சிரிப்பார்களோ என்ற அச்சம். நம் நாட்டு யோகி பி, நட்சத்திரா குழுவினர் 2006-ஆம் ஆண்டு ‘வல்லவன்’ தொகுப்பை வெளியிட்டபோது, நம் மண்ணின் தமிழ் தமிழகம் வரை கேட்டது. அவர்கள் சினிமாவின் மைனஸ் ஒன்னுக்குப் பாடிக்கொண்டே இருந்திருந்தால் அது நடந்திருக்குமா?

கழகத்தின் அடுத்த செயற்குழுவுக்கு மூன்று வேண்டுகோள்கள். ஒன்று, கலை இரவின் மேடை அலங்காரச் செலவில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கி, ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸும் ஓர் ஒலிவாங்கியும் வாங்கிக் கழக அறையில் வைக்க வேண்டும். இவற்றை ஒவ்வொருவரும் தனித்தனியே வாங்கத் தேவையில்லை. இரண்டு, ஆண்டுக்கு ஒரு சனிக்கிழமையில் கிட்டார் சரிசெய்யும் பட்டறை நடத்த வேண்டும். மற்ற இன நண்பர்களையும் அழைக்கலாம். எனக்கு முதல் கார்டு கற்றுக் கொடுத்தவன் தமிழனல்லன். மூன்று, ஒவ்வொரு கலை இரவிலும் நாமே எழுதி நாமே பதிவு செய்த ஒரு பாடலாவது இடம்பெற வேண்டும்.

தோழியின் பாடலை இறுதியில் பதிவு செய்தோம். அதே 480 ரிங்கிட் கிட்டார். விடுதி அறையில், துணி அலமாரியைத் திறந்து வைத்து, மெத்தையைச் சுவரில் சாய்த்து, எதிரொலியைக் குறைத்துக்கொண்டு மூன்று இரவுகள் பதிவு நடந்தது. இரண்டாம் சரணத்தில் என் கிட்டார் தாளத்துக்குச் சற்றுப் பிந்துகிறது. அது கிட்டாரின் பிழையன்று. என் கையின் பிழை. இன்னும் பயிற்சி வேண்டும்.

அம்மாவுக்குக் கைப்பேசியில் அனுப்பி வைத்தேன். இரண்டு முறை கேட்டாராம். “எந்தக் கிட்டாருய்யா இது, புதுசா?” என்று கேட்டார். “பழசுதாம்மா” என்றேன். சங்கிலி அவர் கழுத்தில் இருக்கிறது.